தற்செயலுக்குக் கணக்குக் கண்டவர்: ஆபிரகாம் டி மாய்வர்

சென்ற ஆண்டு வைகுண்ட ஏகாதசி இரவு நமது காலனியில் வழக்கம்போல் கண்விழித்துப் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தோம். பகடையில் ஒன்று, அதாவது தாயம், விழுந்தால்தான் காயை ஏற்றலாம் என்பது விதி. பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏழு முறை உருட்டியும் தாயம் விழவில்லை. கண் கலங்கிய அவனைப் பார்த்து, இத்தனை முறை விழாதது இம்முறை விழுந்தே தீரும் என்று பாட்டியார் ஒருவர் ஆறுதல் கூறினார். எதிரே இருந்த நண்பர் ஒருவரோ, இன்று பையனுக்கு ராசி இல்லை, இனியும் விழாது என்றார். எட்டாம் முறையும் தாயம் விழவில்லை. இருவரில் யார் சொன்னது சரி என்ற வாதம் விடியும் வரை ஓயவில்லை.

அடியேன் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளுபவன். கணிதப் புலமை உடையவன் அல்லேன். ஆனால் கல்லூரியில் கணிதம் பயிலும் என் மகள், இருவர் சொன்னதும் தவறு என்று கூறியது என்னைச் சிந்திக்க வைத்தது. அவளுடைய புத்தகத்தில் தொடங்கி, கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். அப்போது அறிந்த ஒரு பெரியாரின் வரலாற்றை நமது சங்கத்தின் ஆண்டு விழா மலர் வாயிலாக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஆதலால் நம் போன்றோருக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர்.

பிறப்பும் கல்வியும்

பிரான்சு தேசத்தில் ஷம்பாஞ் என்னும் பகுதியில் வித்ரி-லெ-பிரான்சுவா என்ற ஊர் உள்ளது. அங்கே 1667ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் ஆபிரகாம் டி மாய்வர் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். பெருஞ்செல்வம் இல்லாவிடினும் மகனின் கல்விக்குக் குறை வைக்காதவர். குடும்பத்தார் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள். நாட்டிலும் அரசவையிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் பிறப்பித்த நாந்து சாசனம் ஒன்றுதான் அச்சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்தது.

பதினொன்றாம் வயதில் அவர் செடான் நகரிலிருந்த புராட்டஸ்டண்டு கல்விக்கழகத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அரசு அக்கழகத்தை மூடிவிட்டது. பிறகு சோமூர் நகரில் தர்க்கம் பயின்றார். 1684இல் பாரிஸ் சென்று, ஓசனாம் என்னும் ஆசிரியரிடம் கணிதம் கற்றார். அதற்கு முன்பே, சூதாட்டக் கணக்குகள் பற்றி ஹாலந்து தேசத்து அறிஞர் ஹைகன்ஸ் எழுதிய சிறு நூலைத் தாமாகவே படித்திருந்தார். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்த துறைக்கு வித்து அதுவேயாகும்.

1685ஆம் ஆண்டு அக்டோபரில் பதினான்காம் லூயி மன்னர் நாந்து சாசனத்தை ரத்துச் செய்தார். புராட்டஸ்டண்டுகளின் ஆலயங்கள் இடிக்கப்பட்டன. குழந்தைகள் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று ஆணை பிறந்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். பதினெட்டு வயது இளைஞரான டி மாய்வர் மதம் மாறும் பொருட்டு ஒரு மடத்தில் அடைத்து வைக்கப்பட்டார். அவர் மாறவில்லை. விடுதலை பெற்றதும் இங்கிலாந்து சென்றார். பிறகு ஒருபோதும் தாய்நாடு திரும்பி வாழ்ந்தாரில்லை.

லண்டன் வாழ்க்கை

லண்டனில் அவருக்கு உற்றார் உறவினர் ஆதரவு பெரிதாக இல்லை. தெரிந்த தொழில் கணிதம் ஒன்றே. ஆகவே வீடு வீடாகச் சென்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஜீவனம் நடத்தலானார். நம் நாட்டில் டியூஷன் வாத்தியார் என்கிறோமே, அத்தகைய வாழ்க்கைதான்.

ஒருநாள் டெவன்ஷயர் பிரபுவின் மாளிகையில் ஒரு நூலைக் கண்டார். 1687இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிபியா அது. கணிதத்தில் தேர்ந்துவிட்டதாக எண்ணியிருந்த அவருக்கு அந்நூல் எளிதில் விளங்கவில்லை. உடனே ஒரு பிரதி வாங்கினார். கனத்த புத்தகத்தை ஊரெங்கும் சுமந்து திரிய இயலாது. ஆகவே ஏடுகளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்லும் வழியிலேயே படித்து முடித்தார். ஓய்வு நேரம் கிட்டினால் கற்போம் என்று காத்திருப்பவர்களுக்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

1692 அளவில், வால் நட்சத்திரத்தால் புகழ்பெற்ற ஹாலியின் நட்பு அவருக்கு வாய்த்தது. அவர் மூலம் நியூட்டனின் நட்பும் கிட்டியது. 1697இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. முதுமையில் நியூட்டன், தம்மிடம் கணித ஐயம் கேட்டு வந்தவர்களை, தம்மை விட அவருக்கு நன்கு தெரியும் என்று சொல்லி டி மாய்வரிடம் அனுப்புவார் என்பர்.

இத்தனை மதிப்பு இருந்தும் ஒரு பல்கலைக்கழகத்திலும் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அந்நியர் என்பது தடையாக நின்றது. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சு முயன்றும் பயன் விளையவில்லை. முதுமை வரையில் டியூஷனே அவருக்குச் சோறு போட்டது. மாலை வேளைகளில் செயிண்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருந்த ஸ்லாட்டர் காப்பிக் கடையில் அமர்ந்திருப்பார். பந்தயம் கட்டுவோரும், ஆயுள் ஒப்பந்தங்களில் பணம் போடுவோரும் அங்கே வந்து கணக்குக் கேட்பார்கள். அவர் விடை சொல்லுவார். அவர்கள் தரும் கூலியைப் பெற்றுக்கொள்வார்.

தாயக் கணக்கு

அக்காப்பிக் கடைக் கணக்குகளின் பின்னே இருந்த அறிவை அவர் உலகுக்கு மறைக்கவில்லை. 1711இல் லத்தீன் மொழியில் ஒரு நீண்ட கட்டுரையாகவும், 1718இல் தற்செயல் நிகழ்ச்சிகளின் கோட்பாடு என்னும் பொருள்படும் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார். தமக்குத் தாய்மொழி அல்லாத மொழியில் எழுதிய அந்நூலை நியூட்டனுக்குக் காணிக்கையாக்கினார்.

அதன் முதற் கணக்கே நம் பரமபத வாதத்துக்கு நெருங்கிய உறவுடையது. ஒரு பகடையை எட்டு முறை உருட்டினால், இரண்டு முறையோ அதற்கு மேலோ தாயம் விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதே அக்கணக்கு. பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு அன்பர்களும் உடன் வரலாம்.

பகடைக்கு ஆறு முகங்கள். ஒரு முகம் தாயம். ஐந்து முகங்கள் தாயம் அல்லாதவை. எட்டு முறை உருட்டும்போது விழக்கூடிய வகைகள் எத்தனை? ஆறை எட்டு முறை தன்னால் பெருக்க வேண்டும். விடை 16,79,616. இவற்றில் தாயமே விழாத வகைகள், ஐந்தை எட்டு முறை பெருக்கினால் வருபவை, அவை 3,90,625. ஒரே ஒரு தாயம் விழும் வகைகள் யாவை? அத்தாயம் முதல் உருட்டில் விழலாம், இரண்டாவதில் விழலாம், இவ்வாறு எட்டு இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மற்ற ஏழு உருட்டுகளில் 78,125 வகைகள். எட்டால் பெருக்க 6,25,000. இவ்விரண்டையும் கூட்டினால் 10,15,625. மொத்தத்தில் இதனைக் கழிக்க, எஞ்சுவது 6,63,991. இரண்டு தாயமாவது விழும் வகைகள் இவையே. ஆக, விழுவதற்கும் விழாததற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு மூன்று.

இம்முறையைத்தான் இன்று பாடநூல்கள் ஈருறுப்புப் பரவல் என்கின்றன. சூத்திரத்தைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. மூன்று எண்களைப் பெருக்குவதே அது. விரும்பும் நிகழ்ச்சிக்குரிய பின்னம் ஒன்று, அது எத்தனை முறை நிகழவேண்டுமோ அத்தனை முறை பெருக்கப்படும். நிகழாமைக்குரிய பின்னம் மற்றொன்று, மிச்சமுள்ள முறைகளுக்குப் பெருக்கப்படும். இவை எவ்வெவ்விடங்களில் அமையலாம் என்னும் வகைகளின் எண்ணிக்கை மூன்றாவது. பலரும் மறப்பது இம்மூன்றாவதைத்தான்.

ஓர் உதாரணம் கூறுவேன். நான்கு குழந்தைகள் உள்ள வீட்டில் ஆண் இருவர், பெண் இருவர் என்று அமைவதே மிக இயல்பு எனப் பலரும் நினைப்பர். பிறப்பில் ஆண் தொகை சற்று மிகுதி எனினும், எளிமைக்காகச் சமம் என்றே கொள்வோம். மூத்தவர் முதல் இளையவர் வரை ஆண், பெண் என்று வரக்கூடிய வகைகள் மொத்தம் 16. இருவர் இருவராக அமைவது 6 வகை. மூவர் ஒரு பாலும் ஒருவர் மறு பாலும் ஆக அமைவது 8 வகை. நால்வரும் ஒரே பாலாக அமைவது 2 வகை. எனவே மூன்றுக்கு ஒன்று என்பதே சரி பாதியை விட மிகுதியாக நிகழும்.

இவ்வகைகளை எண்ணும் வித்தையை மேல்நாட்டார் பாஸ்கல் முக்கோணம் என்பர். பிங்கலரின் சந்தஸ் சாஸ்திரத்துக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை கண்ட ஹலாயுதர், குருவும் லகுவும் அமையும் வகைகளை எண்ணுவதற்கு அதே முக்கோணத்தை மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கியுள்ளார். நான்கெழுத்து அடியில் இரு குரு அமைவதும் ஆறு வகையே. நம் நாட்டில் செய்யுளுக்காக எண்ணினார்கள். ஐரோப்பாவில் சூதுக்காக எண்ணினார்கள். எண் ஒன்றே.

இனி அச்சிறுவனிடம் வருவோம். எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் இருப்பதற்கு வாய்ப்பு 16,79,616இல் 3,90,625. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 23. நான்கு பிள்ளைகள் விளையாடினால் ஒருவனுக்கு இவ்வாறு நேர்வது வியப்பன்று. அது ராசிக் குறைவும் அன்று. ஆனால் ஏழு முறை விழாமற் போன பிறகு எட்டாம் உருட்டுக்குரிய வாய்ப்பு எப்போதும் போல் ஆறில் ஒன்றே. பகடைக்கு நினைவு இல்லை. அது கடன் வைத்துத் திருப்பிக் கொடுப்பதும் இல்லை; வன்மம் பாராட்டுவதும் இல்லை. பாட்டியாரும் நண்பரும் ஒருசேரத் தவறியது இங்கேதான்.

எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். ஒவ்வொரு முறையும் வாய்ப்பு மாறாமல் இருந்தால்தான், ஒன்று மற்றொன்றைப் பாதிக்காமல் இருந்தால்தான், இக்கணக்குச் செல்லும். வடநாட்டுத் தை மாதத்து மூடுபனி ரயில்வேக்காரர் அறியாததன்று. இன்று பனியால் வண்டி தாமதமானால் நாளையும் தாமதமாகவே வாய்ப்பு மிகுதி. அங்கே நாட்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. பகடைக் கணக்கை அப்படியே அங்கே போடுவது பிழையாகும்.

பெருந்தொகையின் ஒழுங்கு

எட்டு உருட்டு என்றால் பெருக்கிவிடலாம். மூவாயிரத்து அறுநூறு முறை என்றால் யாரால் பெருக்க இயலும்? சுவிட்சர்லாந்து அறிஞர் யாக்கோபு பெர்னூலி, முயற்சிகள் பெருகப் பெருக நிகழ்ச்சியின் விகிதம் நிலைப்படும் என்று நிறுவியிருந்தார். அவர் மறைந்த பின் 1713இல் அவரது நூல் வெளிவந்தது. ஆயினும் எத்தனை முறைக்கு எவ்வளவு நெருக்கம் என்று எளிதாகச் சொல்ல வழி இல்லாதிருந்தது.

அவ்வழியைக் கண்டவர் டி மாய்வர். பல ஆண்டுகள் உழைத்து, 1733ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், ஏழு பக்கமே உள்ள ஒரு லத்தீன் சிற்றேட்டை நண்பர்களுக்காக மட்டும் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது 66. ஈருறுப்புக் கணக்கின் எண்களை வரிசையாக நிறுத்தினால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்து, மணியின் வடிவில் ஒரு வளைகோடு தோன்றும் என்பதும், அதன் சரிவை எவ்வாறு கணக்கிடுவது என்பதும் அச்சிற்றேட்டின் சாரமாகும்.

அவர் தந்த உதாரணம் இது. சம வாய்ப்புள்ள ஒரு நிகழ்ச்சியை 3,600 முறை சோதித்தால், நடுத் தொகை 1,800. 3,600இன் வர்க்க மூலம் 60. அதில் பாதி 30. ஆகவே 1,770க்கும் 1,830க்கும் இடையில் விடை அமைய வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 68. இருபுறமும் 60 வரை இடம் கொடுத்தால் நூற்றுக்கு 95. நாணயத்தை நூறு முறை மட்டும் சுண்டினால் இதே முறைப்படி நடுவிலிருந்து 5 வரை விலகல் இயல்பு. நூற்றில் 5 விலகுவது எங்கே, 3,600இல் 30 விலகுவது எங்கே! சிறு தொகையில் தாறுமாறாகத் தோன்றுவது பெருந்தொகையில் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. முன்பு விழாததை ஈடு செய்யப் பகடை முயல்வதால் வரும் ஒழுங்கு அன்று இது. பெருந்தொகையில் சிறு விலகல்கள் கரைந்துபோவதால் வருவது.

இன்று தேர்தல் கருத்துக் கணிப்பிலும், தொழிற்சாலைச் சரக்குச் சோதனையிலும், மருந்துப் பரிசோதனையிலும் பயன்படும் வளைகோடு இதுவே. ஆனால் உலகம் அதற்கு ஜெர்மானிய அறிஞர் காஸ் பெயரைச் சூட்டியது. இக்கணக்குக்கு இன்றியமையாத வேறொரு சூத்திரத்தையும் பெரும்பாலும் டி மாய்வரே கண்டார். அதில் ஒரு மாறா எண்ணை மட்டும் ஸ்காட்லாந்துக்காரரான ஸ்டர்லிங் நிர்ணயித்தார். நண்பரின் பங்கை டி மாய்வர் தாமே வெளிப்படையாக எழுதிப் போற்றினார். இறுதியில் அச்சூத்திரம் ஸ்டர்லிங் பெயராலேயே வழங்கலாயிற்று. கல்லூரி மாணவர் படிக்கும் கலப்பெண் தேற்றம் டி மாய்வர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயுள் கணக்கு

1725இல் ஆயுள் வருவாய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒருவர் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, உயிருள்ளவரை ஆண்டுதோறும் பணம் பெறும் ஏற்பாடு அந்நாளில் அங்கே வழங்கியது. என்ன தொகை கேட்பது நியாயம்? பழைய பென்ஷன் திட்டத்தில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும்போது வயதுக்குத் தக்கபடி ஒரு பெருக்கெண் உண்டு என்பதை நம் ரயில்வே அன்பர்கள் அறிவார்கள். அவ்விதக் கணக்கின் முன்னோடி இது.

பிரெஸ்லா நகரத்து மரணப் பதிவுகளைக் கொண்டு ஹாலி 1693இல் ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். டி மாய்வர் அதனை ஆராய்ந்து ஓர் எளிய விதி வகுத்தார். மனிதருக்கு மேல் எல்லை 86 வயது எனக் கொள்க. 86இல் தம் வயதைக் கழித்து, எஞ்சியதில் பாதி எடுத்தால் அதுவே சராசரியாக மீதமுள்ள ஆயுள். நாற்பத்தாறு வயதினருக்கு எஞ்சியது 40, பாதி 20. நடுத்தர வயதினருக்கு அக்கால அட்டவணையோடு இவ்விதி நன்கு ஒத்துவந்தது. கணக்கும் மிக எளிதாயிற்று.

இறுதிக் காலம்

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. முதுமையில் பார்வை மங்கியது. பெர்லின் அறிவியற் கழகம் 1735இல் அவரை உறுப்பினராக்கியது. 1754இல், எந்தத் தலைநகரை விட்டு இளமையில் வெளியேறினாரோ அந்தப் பாரிஸ் நகரத்து அறிவியற் கழகமும் அவரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. நாட்டை நீங்கி அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் கிட்டிய மரியாதை அது. அடுத்த சில மாதங்களில், நவம்பர் 27ஆம் நாள், லண்டனில் காலமானார்.

இறுதி நாட்களில் அவருக்கு உறக்கம் மிகுந்துகொண்டே சென்றது. நாளுக்குக் கால் மணி நேரம் உறக்கம் கூடுவதைக் கணித்து, அது இருபத்து நான்கு மணியைத் தொடும் நாளில் இறப்போம் என்று அவரே கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. அது பிற்காலத்தார் புனைந்ததாகவே தோன்றுகிறது.

கதையை விட மெய்யான செய்தி ஒன்று உண்டு. மனித ஆயுளுக்கு 86 என்று எல்லை கட்டியவர் 87 வயது நிறைந்து மேலும் ஆறு மாதம் வாழ்ந்தார். தாம் வகுத்த விதியைத் தாமே மீறினார் எனலாம். ஆனால் இதனால் விதி பொய்த்ததாகாது. அவ்விதி ஊர் முழுவதற்கும் சொல்லப்பட்டது. தனியொருவர் எப்போது போவார் என்று அது சொன்னதே இல்லை. பகடைக் கணக்கும் அவ்வாறே. ஆயிரம் உருட்டுக்கு அது சாட்சி சொல்லும். அடுத்த உருட்டுக்குச் சொல்லாது.

நம்மவர் பிள்ளைகள் ஆண்டுதோறும் எத்தனையோ தேர்வுகள் எழுதுகிறார்கள். ஒன்றிரண்டில் தவறினால் ராசி என்றும், அடுத்தது நிச்சயம் என்றும் நாம் பேசுகிறோம். இரண்டுமே அப்பெரியார் கற்பித்த பாடத்துக்கு மாறானவை. பகடையை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் படிக்கும் பிள்ளை பகடை அன்று. முந்திய தவறு அவனுக்கு நினைவிருக்கும், அடுத்த முறைக்கு முன் திருத்திக்கொள்ளவும் அவனால் இயலும். தகுதியிருந்தும் பதவி கிட்டாத டி மாய்வர், வழிநடையில் ஏடு படித்தபடி அறுபத்தாறாம் வயதில் தமது ஆகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார்.

வரும் வைகுண்ட ஏகாதசிக்கு அச்சிறுவனை அருகே இருத்திக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாயங்களை எண்ணிக் குறித்துவர எண்ணியுள்ளேன். அன்பர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தால், எண்ணிக்கை பெருகும், கணக்கும் தெளிவாகும். வாழ்க நம் சங்கம்!